நாப்பதுக்கு மேல: வாசகர் கேள்வியும் அக்கா பதிலும்

போன மாசம் இந்தப் பக்கத்துல நான் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நாப்பது தாண்டின பெறவு வாழ்க்கை உங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்துச்சு, இன்னும் எதுல முட்டிக்கிட்டு நிக்கிறீங்கன்னு. கடுதாசி, மெயிலு, வாட்ஸ்அப் வாய்ஸுன்னு வந்து குமிஞ்சிட்டு. உக்காந்து படிச்சதுல எனக்குப் பட்டது இதுதான். நம்ம திருநெல்வேலிச் சீமையில டீக்கடையில நின்னா அமெரிக்கா வரைக்கும் பேசுவோம், கல்யாண வீட்டுல உக்காந்தா மூணு தலைமுறைக் கதையப் பேசுவோம், ஆனா பெத்தவங்ககிட்ட, கட்டுனவங்ககிட்ட, கூடப் பொறந்ததுககிட்ட பேச வேண்டியத மட்டும் தொண்டைக்குள்ளயே வச்சிருக்கோம். நாப்பதுக்கு மேல அது வலிக்க ஆரம்பிக்குது. வந்த கடுதாசில முக்காவாசி அந்த வலிதான். இடம் இருக்க அளவுக்கு பதில் சொல்லுதேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 45 வயசு. கல்யாணமாகி சென்னையிலேயே இருக்கேன், வேலைக்கும் போறேன். அப்பா இறந்த பெறவு அம்மா கல்லிடைக்குறிச்சியில தனியா இருக்கா. தம்பி மஸ்கட்ல. எத்தனை தடவ கூப்பிட்டாலும் "நான் இங்கனயே கெடக்கேன் தாயி, எனக்கென்ன கொறச்சல்"ங்கா. ராத்திரி போன் அடிச்சாலே நெஞ்சு பதறுது. நான் என்ன செய்ய?
‍ஒரு வாசகி, சென்னை

தங்கச்சி, அம்மா வரமாட்டேங்கிறது உங்க மேல பாசம் இல்லாம இல்ல. எழுபது வயசுல ஒரு மனுஷிக்கு அவ நடந்து பழகின தெரு, விடியக்காலம் ஆத்துக்குப் போற வழி, வாசல்ல நின்னு "என்னக்கா இன்னைக்கு என்ன கொழம்பு"ன்னு கேக்க ஒரு ஆளு, இதெல்லாம் சேந்துதான் அவ உசிரு. அத விட்டுட்டு மூணாவது மாடி ஃப்ளாட்ல, நீங்க வேலைக்குப் போன பெறவு கதவ சாத்திக்கிட்டு டிவி முன்னால உக்காந்திருக்கணும்னா அவளுக்கு அது தண்டனதான். நல்லா நடமாடிக்கிட்டு இருந்த ஆச்சிமாரு அப்படிப் போயி ஒரே வருஷத்துல ஒடுங்கிப் போனத நான் எங்க தெருவுலயே பாத்திருக்கேன். அதனால "வாரியா, வாரியா"ன்னு கேக்கத மொதல்ல நிறுத்துங்க. அவ ஊர்ல இருக்கான்னே முடிவு பண்ணிக்கிட்டு, அங்க எப்படி நல்லா இருக்க வைக்கலாம்னு யோசிங்க.

அடுத்த தடவ ஊருக்குப் போகும்போது கோயிலு, விசேஷ வீடுன்னு சுத்தாதீங்க. ஒரு முழு நாள் அம்மா கூடவே வீட்டுல இருங்க. பாத்ரூம் போகும்போது சுவத்தப் பிடிக்காளா, மாத்திரை அட்டையில இன்னைக்கு வரைக்கும் எத்தன தீந்திருக்கணும் எத்தன மிச்சம் கெடக்கு, சமைக்காளா இல்ல காலையில வச்ச சோத்துல மோர ஊத்தி மூணு நேரத்தையும் ஓட்டுதாளா, போன்ல உங்க பேர அவளா தேடி எடுக்காளா இல்ல பக்கத்து வீட்டுப் பிள்ளைய கூப்பிடுதாளா. கேட்டா எல்லாத்துக்கும் "நல்லாத்தான் இருக்கேன்"னுதான் சொல்லுவா, கண்ணால பாத்தாத்தான் தெரியும். வயசானவங்களுக்கு வீட்டுக்குள்ள வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியறதுதான் பெரிய ஆபத்து, அதோட படுத்தவங்க நெறைய பேரு. பாத்ரூம்ல பிடிச்சுக்கிட ஒரு கம்பி, வழுக்காத தரை, ராத்திரி எரிய ஒரு சின்ன லைட்டு, வெஸ்டர்ன் டாய்லெட்டு, இதெல்லாம் நீங்க லீவுல வந்து கொத்தனார பிடிச்சு முடிச்சுட்டுப் போகலாம்.

இன்னொண்ணு, 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதி நம்ம பக்கம் பேஞ்ச மழைய மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணி நின்னுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னுபோயி அதுல இருந்த ஜனங்களுக்கு பக்கத்து ஊர்க்காரங்கதான் சோறு ஆக்கிக் குடுத்தாங்க. அப்ப சென்னையிலயும் பம்பாயிலயும் துபாயிலயும் இருந்த பிள்ளைக அம்மா அப்பா நம்பர போட்டுப் போட்டுப் பாத்தாங்க, போனே போகல. யாருக்கு தகவல் கெடச்சுதுன்னா, அடுத்த தெரு ஆளு, பால்காரரு, வார்டு கவுன்சிலரு, மெடிக்கல் கடைக்காரருன்னு நாலு நம்பர கையில வச்சிருந்தவங்களுக்கு. அந்த நாலு நம்பர இந்த தடவ வாங்கிட்டுப் போங்க, வாங்கும்போது அவங்க வீட்டுக்கே போயி ஒரு காப்பி குடிச்சிட்டு "அம்மாவ பாத்துக்கிடுங்க"ன்னு வாயால சொல்லிட்டு வாங்க. நம்ம ஊர்ல அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

கடைசியா ஒரு பேச்சு பாக்கி இருக்கு, அதத்தான் எல்லாரும் தள்ளிப் போடுதோம். அம்மாவுக்கு ரொம்ப முடியாம வந்தா எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும், குழாய் எல்லாம் மாட்டி வைக்கதுக்கு அவளுக்கு சம்மதமா, பேங்க் புக்கு எங்க, நகை யாருக்கு, வீட்டப் பத்தி அவ மனசுல என்ன இருக்கு. "இப்படியெல்லாம் கேட்டா நான் சாகணும்னு நெனைக்கான்னு எடுத்துக்கிடுவாளே"ன்னு பயப்படுதீங்க, தெரியும். எங்கப்பா ஒரு நாள் தானாவே கோடு போட்ட நோட்டு ஒண்ண எடுத்து எங்ககிட்ட குடுத்தாக. பட்டா எந்தப் பெட்டியில, எல்ஐசி பாண்டு எங்க, யாருக்குக் கடன் குடுத்திருக்கு, பால்காரருக்கு பாக்கி எவ்வளவு, அவுக செத்தா எந்த வேட்டி கட்டணும்ங்கறது வரைக்கும் சாஞ்ச கையெழுத்துல எழுதியிருந்துச்சு. நான் அழுதேன், ஆனா அவுக மொகத்துல ஒரு நிம்மதி இருந்துச்சு, சொல்ல வேண்டியத சொல்லியாச்சுங்கற நிம்மதி. உங்க அம்மாவும் யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருப்பா. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ரெண்டு பேரும் வெத்தல போட உக்காருற நேரத்துல மெதுவா கேளுங்க.

கேள்வி: எனக்கு 47. என் கூடப் படிச்சவன் எல்லாம் வீடு கட்டிட்டான், காரு வாங்கிட்டான். நான் பேட்டையில இன்னும் வாடகை வீடு, கம்பெனியில சூப்பர்வைசர் வேலை. ராத்திரி படுத்தா நான் தோத்துட்டேன்னு தோணுது.
ஒரு வாசகர், திருநெல்வேலி பேட்டை

தம்பி, கிரகப்பிரவேசப் பத்திரிகையில பேங்க் லோன அச்சடிக்க மாட்டாங்க. உங்க கூட்டாளிகள்ல பாதிப் பேரு அறுபது வயசு வரைக்கும் ஈஎம்ஐ கட்டப் போறாங்க, அதுல ரெண்டு பேராவது உங்கள மாதிரியே ராத்திரி முழிச்சுக் கெடப்பாங்க. நான் அத வச்சு ஆறுதல் சொல்ல வரல. உங்க கடுதாசில ஒரு விஷயம் எழுதல, அதத்தான் கேக்கேன். இந்தக் கவலைய உங்க வீட்டம்மாகிட்ட சொன்னீங்களா? நம்ம பக்கத்து ஆம்பளைகளுக்கு சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்றது கௌரவக் கொறச்சல்னு ஒரு நெனப்பு உண்டு. அந்த நெனப்புல எத்தன வீடு பாழாப் போயிருக்கு. இந்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஒரு பேப்பர எடுத்து வரவு, செலவு, கடன், நகை அடமானம் எல்லாத்தையும் எழுதுங்க. அவங்களுக்கு சீட்டுல எவ்வளவு கெடக்குன்னு அப்பத்தான் உங்களுக்கே தெரியும்.

பேப்பர்ல எழுதும்போது இதையும் பாருங்க. உங்களுக்கு பிஎஃப் பிடிக்காங்களா, அதுல பென்ஷனுக்கு சேருற சர்வீஸ் பத்து வருஷம் ஆயிட்டான்னு பாருங்க, பத்து வருஷம் இருந்தாத்தான் 58 வயசுல மாசா மாசம் பென்ஷன் வரும். முந்தின கம்பெனியில வேல பாத்த கணக்கு தனியா கெடந்தா அத இதோட சேக்கணும், வேல மாறும்போது பணத்த மொத்தமா எடுத்துட்டா அந்த சர்வீஸ் போயிரும். டேர்ம் இன்சூரன்ஸ் இல்லன்னா இந்த வயசுலயே எடுத்துருங்க, எடுக்காம தள்ளிப் போடுற ஒவ்வொரு வருஷத்துக்கும் பிரீமியம் ஏறும், நடுவுல சுகர் வந்துட்டா இன்னும் கஷ்டம். சொந்த வீடு இல்லாம பிள்ளைகள படிக்க வச்சு, கை நீட்டாம குடும்பம் நடத்துற மனுஷன் தோத்தவன் இல்ல தம்பி. இத நான் மனசாரச் சொல்லுதேன்.

கேள்வி: ஒடம்புல ஒண்ணும் செய்யல, நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு வருஷா வருஷம் டெஸ்டு எடுக்கணும்ங்கறார் எங்க வீட்டுக்காரர். வயசு 51.
ஒரு வாசகி, சங்கரன்கோவில்

ஒண்ணும் செய்யாததுனாலதான் எடுக்கணும். பிரஷரும் சுகரும் ஆரம்பத்துல வலிக்காது. பிரஷர் 140க்கு 90ஐத் தாண்டி அப்படியே நின்னா வைத்தியம் பாக்கணும். சுகருக்கு மூணு மாச சராசரி டெஸ்டு எடுத்தா 5.7ல இருந்து 6.4 வரைக்கும் எல்லைக்கோடு, 6.5ம் அதுக்கு மேலயும்னா சுகர்னு அர்த்தம். எல்லைக்கோட்டுல இருக்கும்போது நடந்து, சோத்தக் கொறைச்சு திருப்பிக் கொண்டு வந்தவங்க நெறைய பேர் இருக்காங்க. காசு ஒரு காரணம்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல ஓசியிலயே பாக்கலாம், 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்தும் பாக்காங்க. வந்தா அவர ஒளிய விடாதீங்க.

கேள்வி: வயசு 46. ஆறு மாசமா எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. திடீர்னு வேத்துக் கொட்டுது, தூக்கம் இல்ல, சின்ன விஷயத்துக்கு கத்திருதேன், பெறவு அழுதுருதேன். மாசத் தீட்டும் முன்ன பின்ன வருது. எங்க வீட்டுல நான் வேணும்னே சண்ட பிடிக்கேன்னு நெனைக்காக. அம்மாகிட்ட கேட்டா "எல்லாருக்கும் வாரதுதான்"னு முடிச்சிட்டா.
ஒரு வாசகி, மேலப்பாளையம்

இந்தக் கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன். நீங்க ஒருத்தி இல்ல, இதே மாதிரி இந்த மாசம் வந்த கடுதாசி ஒரு கட்டு இருக்கு.

நம்ம பக்கம் ஒரு பிள்ள வயசுக்கு வந்தா என்ன பாடு படுத்துவோம். உளுந்த வறுத்துத் திரிச்சு, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, நல்லெண்ணெய ஊத்தி ஊத்திக் களி கிண்டி, உருண்ட பிடிச்சு நடுவுல குழி வச்சு அதுலயும் எண்ணெய விட்டு, "இடுப்புக்கு பலம், தின்னு"ன்னு வாயில திணிப்போம். ஆச்சி, அத்தை, சித்தி, மைனின்னு எத்தனை பேரு சுத்தி நிப்பாக. அதே ஒடம்பு முப்பது வருஷம் கழிச்சு அடுத்த மாத்தத்துக்குப் போகும்போது ஒருத்தரும் வாரதில்ல, ஒரு வார்த்த கேக்கதில்ல. சமையக்கட்டுல தனியா நின்னு முந்தானையால வேர்வையத் தொடச்சுக்கிட்டு நிக்கா. இது அநியாயம்னு நான் எத்தனையோ வருஷமா சொல்லிக்கிட்டு வாரேன்.

உங்களுக்கு வந்திருக்கது பெரும்பாலும் மாதவிடாய் நிக்கப் போறதுக்கு முந்தின காலமாத்தான் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி ஏறி இறங்கும், அதுலதான் அந்த அனலு, வேர்வ, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம். சில வருஷம் கூட இழுக்கும். தொடர்ந்து 12 மாசம் தீட்டு வரலைன்னாத்தான் நின்னுட்டுன்னு கணக்கு. 45ல இருந்து 55க்குள்ள நிக்கது சாதாரணம், 40க்கு முன்னாலயே நின்னா கட்டாயம் டாக்டரப் பாக்கணும். நீங்களும் ஒரு தடவ பொம்பள டாக்டர்கிட்ட போயி தைராய்டும் ரத்த அளவும் பாத்துருங்க, ஏன்னா தைராய்டு கோளாறும் இதே மாதிரி காட்டும். அனலுக்கும் தூக்கத்துக்கும் மருந்து இருக்கு, பொறுத்துக்கிட்டுத்தான் கெடக்கணும்னு சட்டம் இல்ல. முக்கியமா, கட்டி கட்டியா நெறைய பட்டாலும், ஒரு வருஷம் நின்ன பெறவு ஒரு சொட்டு பட்டாலும் ஒரு வாரம் கூட தள்ளிப் போடாதீங்க. "கடைசியா ஒரு தடவ வந்திருக்கு"ன்னு பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க, அத நம்பாதீங்க.

இந்த சமயத்துல எலும்பு சீக்கிரம் மெலியும். கேவுரு, எள்ளு, முருங்கக்கீர, பாலு, தயிரு தெனமும் ஏதாவது ஒண்ணு சேரணும். உளுந்தங்களி கிண்டுங்க, உங்களுக்காகவே கிண்டுங்க, சுகர் இருந்தா மட்டும் கருப்பட்டியில கைய இறுக்கிப் பிடிங்க. பெறவு உங்க வீட்டுக்காரர்கிட்ட சண்ட இல்லாத ஒரு நேரம் பாத்து "எனக்கு ஒடம்பு இப்படி மாறுது, நான் கத்துனா அது உங்க மேல உள்ள கோவம் இல்ல, ராத்திரி ஃபேன கூட வச்சா கோவப்படாதீங்க"ன்னு நேரா சொல்லிருங்க. பொம்பள விஷயம்னு அவருக்கு யாருமே சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. சொன்னா புரிஞ்சுக்கிடுற ஆம்பளைக நாம நெனைக்கதவிட கூட இருக்காங்க. இந்தப் பக்கத்தையே கிழிச்சு அவர் கையில குடுத்தாலும் சரி.

கேள்வி: பேப்பர கைய நீட்டி வச்சாத்தான் எழுத்து தெரியுது. 43 வயசுல கண்ணாடியா?
ஒரு வாசகர், வள்ளியூர்

வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ள இருக்க லென்ஸ் வளையற தன்ம கொறையுது, நாப்பத ஒட்டி கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். கடையில தொங்குற கண்ணாடிய வாங்கி மாட்டிக்கிடாதீங்க, கண் ஆஸ்பத்திரிக்குப் போயி கண் அழுத்தத்தையும் சேத்துப் பாருங்க. அந்த அழுத்த நோயும் சத்தமில்லாம பார்வையத் திங்கும், போன பார்வ திரும்பாது.

கேள்வி: எனக்கு 57. நாங்குநேரி பக்கம். அப்பா தவறி மூணு வருஷம். தோப்பையும் வீட்டையும் நானும் தம்பியும் பிரிச்சுக்கிடலாம்னு இருக்கும்போது தங்கச்சி பங்கு கேக்கா. நகை போட்டு, சீர் செஞ்சு, இன்னைக்கு வரைக்கும் பொங்கப்படி குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இப்ப பேச்சுவார்த்த இல்ல. நாங்க செஞ்சது கொறச்சலா?
ஒரு வாசகர்

அண்ணாச்சி, நீங்க வருத்தத்துல எழுதியிருக்கீங்க, ஆனாலும் நான் தங்கச்சி பக்கம்தான் நிப்பேன். நீங்க குடுத்த பொங்கப்படி பாசம். அவ கேக்கது உரிமை. ஒண்ணக் காட்டி இன்னொண்ண கழிக்க முடியாது.

சட்டத்த சொல்லிருதேன். தமிழ்நாட்டுல 1989லயே பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சமபங்குன்னு இந்து வாரிசுரிமைச் சட்டத்துல திருத்தம் வந்துட்டு, அந்த வருஷம் மார்ச் 25க்கு முந்தி கல்யாணமான பிள்ளைகளுக்கு மட்டும் அதுல இடமில்ல. 2005 செப்டம்பர் 9ல மத்திய அரசுத் திருத்தம் வந்து அந்தத் தடையும் போச்சு. 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னுகூட இல்லன்னு 2020 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிட்டு. உங்க அப்பா தானா சம்பாதிச்ச சொத்துன்னா உயில் எழுதி யாருக்கு வேணும்னாலும் குடுத்திருக்கலாம். உயில் இல்லன்னா அம்மா, நீங்க, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் சமம்தான். பேங்க்ல நாமினின்னு உங்க பேரு இருக்கதுனால மட்டும் பணம் உங்களுக்குச் சொந்தம் ஆயிராது, வாரிசுகளுக்காக வாங்கி வைக்கிற ஆளுதான் நாமினி.

நகை போட்டோம்ங்கறீங்க. அந்த நகையில இன்னைக்கு அவ கழுத்துல எவ்வளவு இருக்குன்னு எப்பவாவது கேட்டீங்களா? இத்தன வருஷம் கேக்காதவ இப்ப கேக்கான்னா அவ வீட்டுல என்ன நடக்குதோ. வக்கீல் நோட்டீஸுக்கு முந்தி நீங்க மூத்தவரா அவ வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, தம்பிய வேண்டாம், கூட்டம் கூடுனா பேச்சு தடிக்கும். மொதல்ல பங்கப் பத்திப் பேசாதீங்க, "நீ எப்படி இருக்க"ன்னு கேளுங்க. கோர்ட்டுக்குப் போனா உங்க பேரன் காலத்துல தீர்ப்பு வரும், அதுக்குள்ள தோப்பு காஞ்சு போகும், மாமன் வீடுன்னு ஒண்ணு இல்லாம அவ பிள்ளைக வளந்துரும். பிரிக்கது முடிவானா அம்மா பங்கையும் மறக்காம எழுதி, பத்திரத்த முறையா பதிவு பண்ணிருங்க.

கேள்வி: நான் முக்கூடல். சின்ன வயசுல இருந்து பீடி சுத்துதேன். வயசு 48. ஸ்கூட்டி ஓட்டப் படிக்கணும்னு ஆசை. மகன் சிரிக்கான், "இந்த வயசுல எதுக்கும்மா"ங்கான். ஆசைப்படலாமா அக்கா?
ஒரு வாசகி

தாராளமா! மடியில சொளவ வச்சுக்கிட்டு, கால மடக்கி உக்காந்து, ஆயிரம் பீடி சுத்திக் குடுத்து அந்த மகன வளத்தது நீங்க. அந்தக் காலு நீட்டி உக்காந்து காத்துல போகணும்னு ஆசைப்பட்டா அதுல சிரிக்க என்ன இருக்கு? மகன்கிட்டயும் இத இப்படியே சொல்லுங்க, மனசுக்குள்ள வச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்காதீங்க.

சைக்கிள் தெரியும்னா பாதி வேல முடிஞ்சுது, பேலன்ஸ் வந்திரும். தெரியலன்னாலும் பழகிறலாம், மொதல்ல ரெண்டு காலும் தரையில ஊணுற மாதிரி உயரம் கொறஞ்ச வண்டியா பாருங்க. ஆள் நடமாட்டம் இல்லாத களத்துலயோ பள்ளிக்கூட மைதானத்துலயோ சாயங்காலம் பழகுங்க. மொதல்ல எல்எல்ஆர், அதான் பழகுறதுக்கான லைசென்ஸ், போடணும், நாப்பது தாண்டினவங்களுக்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட 1ஏ படிவம் கூட சேக்கணும், அத முதல்லயே வாங்கி வச்சுக்கிட்டா அலைய வேண்டாம். எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழிச்சு லைசென்ஸுக்குப் போகலாம், ஆறு மாசத்துக்குள்ள போயிரணும். ஹெல்மெட் சொந்தமா வாங்குங்க, மகன் ஹெல்மெட்டு தலைக்கு ஆடும். சேலை கட்டி ஓட்டுனா முந்தானைய இடுப்புல நல்லா சொருகிட்டு ஏறுங்க, பின் சக்கரத்துல மாட்டுனா ஆபத்து. லைசென்ஸ் கைக்கு வந்தன்னைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.